அயலில்லாக் குடில்

வெளிநாடு செல்வோர் பெரும்பாலும் காண விழைவன கோட்டைகளும் கோயில்களும் மாடமாளிகைகளுமேயாம். ஒருவர் வாழ்ந்த வீட்டைக் காண்பதற்கென்றே வழி விசாரித்துச் செல்வோர் மிகச் சிலர். கோட்டை ஓர் அரசின் வலிமையைக் காட்டும். கோயில் ஒரு மக்களின் பக்தியைக் காட்டும். ஆயின் ஒருவன் காலையில் எழுந்து எதனை முதற்கண் நோக்க விரும்பினான், மாலையில் எவ்விடத்து அமர்ந்து இளைப்பாறினான், விருந்தினரை எவ்வாறு வரவேற்றான் என்பனவற்றை வீடன்றோ காட்டும்? இக்கருத்தினால் உந்தப்பட்டு, ஜப்பான் நாட்டுக் கியோட்டோ மாநகரத்திற்குச் சென்றிருந்தபோது, அங்கே பாதுகாக்கப்பட்டு வரும் பழைய முறை வீடு ஒன்றையும் அதன் தோட்டத்தையும் ஒரு நாள் முற்பகலிற் கண்டு வந்தேன். கண்டு களித்தேன் என்று மட்டும் எழுதி முடித்தல் எளிது. ஆனால் அவ்வீடு களிப்போடு கலக்கத்தையும் உடன் தந்தது. அவ்விரண்டையும் மறையாது எழுதுதலே முறையென்று கருதி இக்கட்டுரையை வரையலாயினேன்.

அவ்வீட்டின் பெயர் முரின்-அன் என்பது. அயலார் இல்லாத குடில் என்பது அதன் பொருள். கியோட்டோவின் கிழக்குப் புறத்தில், நன்சென்-ஜி என்னும் பெயர்பெற்ற பௌத்த மடத்திற்கு அணித்தாக அது அமைந்துள்ளது. இதனைக் கட்டுவித்தவர் யமகாத்தா அரித்தோமோ என்பவர். 1838-ஆம் ஆண்டிலே, சோஷூ நாட்டில், கீழ்நிலைச் சாமுராய்க் குடும்பம் ஒன்றிற் பிறந்த இவர், புதிய ஜப்பானின் தரைப்படையை உருவாக்கியவருள் தலையாயவர். 1873-இல் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் வந்தது இவரது முயற்சியினால். இருமுறை முதன்மந்திரியாகவும் இருந்தவர். பிறந்த நாட்டிலும் பின்னர்க் கியோட்டோவின் மற்றொரு பகுதியிலும் இவர் கொண்டிருந்த இல்லங்களுக்கும் இப்பெயரையே இட்டிருந்தார். எனவே நாம் இன்று காண்பது மூன்றாவது முரின்-அன் ஆகும். 1894-ஆம் ஆண்டில் இதன் வேலை தொடங்கிற்று. அவ்வாண்டே சீனத்தோடு போர் மூண்டமையால் வீட்டுக்காரர் படைத்தலைவராகக் களஞ்சென்றார். போர் முடிந்தபின் 1896-இல் வேலை நிறைவெய்திற்று.

இத்துணைப் பெரிய மனிதருடைய வீடு என்று எண்ணிச் சென்ற எனக்கு அதன் வாயிலே முதல் வியப்பாயிற்று. தெருவிற் செல்வோர் பொருட்படுத்தாது கடந்துபோகத் தக்க எளிய வாயில் அது. கோபுரமும் இல்லை, சிங்கமும் இல்லை, உடையவர் பெயரைப் பொறித்த பளிங்குக் கல்லும் இல்லை. உள்ளே நுழைந்து, காலணி களைந்து, மரத்தாலாகிய வீட்டினுட் புகுந்தேன். தரை முழுதும் தத்தாமி என்னும் தடித்த கோரைப்பாய்கள் பரப்பப்பட்டிருந்தன. நாற்காலி இல்லை, மேசை இல்லை, சுவரிற் படங்களின் நெருக்கம் இல்லை. இருப்பவை மரத்தூண்களும், பக்கவாட்டில் நகர்த்தும் கதவுகளும், காகிதத்தின் ஊடே வடிந்து வரும் மெல்லிய ஒளியுமே. நின்றபடி நோக்கினால் இவ்வறை வெறுமையாகவே தோன்றும். பாயின்மேல் அமர்ந்தவுடனே காட்சி மாறுகின்றது. கதவின் உயரமும், தாழ்வாரத்தின் இறக்கமும், வெளியே நட்ட மரங்களின் வரிசையும் அமர்ந்திருப்பவன் கண்ணின் மட்டத்தைக் கருதியே அமைக்கப்பட்டவை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு இவ்வீடு தன்னைக் காட்டுவதில்லை. அமர்ந்து பொறுத்திருப்பவனுக்கே காட்டுகின்றது.

தோட்டம் கிழக்கு நோக்கிக் குறுகிச் செல்லும் முக்கோண வடிவினது. வீடும் தோட்டமும் சேர்ந்த நிலப்பரப்பு ஏறத்தாழ 3,100 சதுர மீட்டர், அஃதாவது முக்கால் ஏக்கருக்குச் சிறிதே மிகுதி. அச்சிறு நிலத்திலே எல்லையின்மையைக் காட்டிய தோட்டக்கலைஞர், ஏழாம் ஒகாவா ஜிஹேய் என்பவர். 1860-இற் பிறந்து 1933-இல் மறைந்த இவர், பின்னாளிற் கியோட்டோவின் பெருந்தோட்டங்கள் பலவற்றை அமைத்துப் புகழ்பெற்றார். எனினும் அப்புகழின் தொடக்கம் இத்தோட்டமே. இங்கே கருத்து வீட்டுக்காரருடையது, கை கலைஞருடையது. அக்காலத்துத் தோட்டங்களிலே, குளத்தைக் கடலாகவும் பாறையைத் தீவாகவும் கருதிக் குறிப்புப் பொருள்படச் செய்தல் வழக்கம். யமகாத்தா அவ்வழியை விரும்பினாரல்லர். தாம் இளமையிற் கண்ட நாட்டுப்புறத்து ஓடையும், புல்வெளியும், மலையடிவாரமும் தம் கண்முன் நிலவ வேண்டுமென்று விரும்பினார். ஆதலின் ஆழ்ந்த குளத்திற்கு ஈடாக, கணுக்காலளவும் நனையாத ஆழமற்ற நீரோடைகள் சலசலத்து ஓடுகின்றன. தோட்டத்தின் கிழக்கு மூலையில் மூன்றடுக்காக வீழும் சிற்றருவியிலே தொடங்கி, கற்களிடையே வளைந்து வளைந்து, அவ்வோடை வீட்டை நோக்கி வருகின்றது. நீரைக் காணுமுன் அதன் ஒலியையே கேட்கின்றோம்.

இத்தோட்டத்திற்குப் பின்னணியாக நிற்பது கீழ்மலை எனப் பொருள்படும் ஹிகஷியாமா மலைத்தொடர். அம்மலை தோட்டக்காரருடைய சொத்தன்று, நெடுந்தூரத்தில் உள்ளது. ஆயினும் இருமருங்கும் உயர்ந்த மரங்களை நிறுத்தி, நடுவிலே தாழ்ந்த புல்வெளியை விட்டு, பார்வை நேரே மலையிற் சென்று பதியுமாறு செய்துவிட்டனர். மலை தோட்டத்தினுள்ளே இறங்கி வந்து நிற்பதுபோலத் தோன்றுகின்றது. இம்முறையை ஜப்பானியர் கடன்வாங்கிய காட்சி என்னும் பொருள்பட ஷாக்கேய் என்பர். யாம் கடனாக வாங்கும் பொருள்களுள் வட்டியில்லாதது இஃதொன்றே போலும் என்று முதலில் எண்ணினேன். அவ்வெண்ணம் தவறென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

இங்கு ஒரு செய்தியை மாணாக்கர் கருத்திற் கொள்ளல் வேண்டும். இவ்வோடையின் நீர் மலையூற்றிலிருந்து வருவதன்று. இயந்திர யுகத்தின் கால்வாய் ஒன்றிலிருந்து வருவது. 1869-இல் தலைநகரம் தோக்கியோவுக்கு மாறியபின் கியோட்டோ நகரம் களையிழந்து தேய்ந்தது. அதனை மீட்கும்பொருட்டு, மலைக்கு அப்பாலுள்ள பீவா ஏரியின் நீரைக் குகைவழியே கொணர வேண்டுமென்று தீர்மானித்தனர். அப்பெருவேலையின் பொறுப்பு தனாபே சக்குரோ என்னும் இளைஞரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1861-இற் பிறந்த அவர், கலாசாலைப் படிப்பின் முடிவில் எழுதிய ஆராய்ச்சியே இக்கால்வாயைப் பற்றியது. 1885-இல் வேலை தொடங்கி 1890-இல் முற்றுப்பெற்றது. அதன் முதற் குகை மட்டும் 2,436 மீட்டர் நீளம். அந்நாளில் ஜப்பானிலேயே மிக நீண்டது. 1891-இல் அந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுத்தனர். 1895-இல் அம்மின்சாரத்தால் நகரத் தெருவிலே டிராம் வண்டி ஓடிற்று. நீராழிகளைச் சுற்றித் தொழிற்சாலைகள் நிறைக்கக் கருதிய இடத்திலே, மின்சாரம் வந்தமையால் அவற்றின் தேவை குறைய, தோட்ட வீடுகள் எழலாயின. அவற்றுள் முற்பட்டது முரின்-அன்.

ஆகவே, பழமையான வீடு என்று நாம் போற்றும் இது, உண்மையிற் பழமையானதன்று. நம் நாட்டு மிஷன் கலாசாலைகளுட் சில இதனினும் மூத்தவை. இதன் ஓடையில் ஓடுவது பொறியியல் நீர். இதன் வயது டிராம் வண்டியின் வயது. அவ்வாறாயின் இதனை மரபு வீடு என்று கூறுதல் பொருந்துமா என வினவலாம். பொருந்தும் என்பதே என் விடை. மரபு என்பது ஆண்டுகளின் எண்ணிக்கையன்று. புதிதாக வந்த நீரைக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழிலால், தன் மண்ணுக்கும் மலைக்கும் இயைந்த ஒன்றைச் செய்தலே மரபு. பழையதைப் போலச் செய்தல் போலி. பழைய அறிவோடு புதியதைச் செய்தல் மரபு. நம் இளைஞரிற் சிலர், மரபு என்றவுடன் புதுமைக்குப் பகை என்று கொள்கின்றனர். முதியோரிற் சிலர், புதுமை என்றவுடன் மரபுக்குக் கேடு என்று கொள்கின்றனர். இரு திறத்தாரும் இவ்வோடைக் கரையில் ஒரு நாழிகை அமர்ந்திருப்பின் நலமாம்.

இனி, இத்தோட்டம் இன்றளவும் நிலைபெற்றிருத்தற்குக் காரணம் யாது என்பதனை ஆராய்வோம். யமகாத்தா 1922-இற் காலமானார். 1941-இல் அவர் குடும்பத்தார் இவ்வீட்டைக் கியோட்டோ நகரத்தாருக்கு நன்கொடையாக வழங்கினர். 1951-இல் நாட்டின் எழில்மிகு இடங்களுள் ஒன்றாக அரசினர் இதனை அறிவித்தனர். நன்கொடைப் பத்திரமும் அரசாங்க அறிவிப்பும் வீட்டைக் காப்பாற்றிவிடுமெனின், உலகில் ஒரு வீடும் இடிந்திராது. காப்பவை கைகளேயாம். யான் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்திலே, தோட்டக்காரர் ஒருவர் முழந்தாளிட்டுப் பாசியினிடையே முளைத்த களையை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் ஒருமுறையேனும் நிமிர்ந்து எங்களை நோக்கினாரல்லர். கூடையில் அவர் சேர்த்த களை ஒரு கைப்பிடி இருக்கலாம். ஊசியிலை மரங்களிலே பழைய இலைகளைக் கையாற் களைந்து, ஒளி உட்புகுமாறு செய்தல் ஆண்டுதோறும் நடைபெறும் வேலை. பாயின் மேற்கோரை தேய்ந்தால் அதனை மாற்றுவர். கதவிற்கு ஒட்டிய காகிதம் பழுத்தால் அதனைக் கிழித்துப் புதிது ஒட்டுவர். மரங்கள் வளர்தல் இயல்பு. அவற்றை வளரவிட்டால் மலை மறைந்துவிடும். வெட்டிவிட்டால் அண்டைக் கட்டிடங்கள் தோன்றிவிடும். இவ்விரண்டிற்கும் நடுவே, ஒவ்வோராண்டும், ஒவ்வொரு கிளையாக முடிவு செய்தல் வேண்டும்.

பாசியைப்பற்றிய செய்தியொன்றும் உண்டு. யமகாத்தா விரும்பியது திறந்த புல்வெளி. கியோட்டோவின் ஈரக்காற்றோ பாசியைத் தானே வளர்த்தது. நாளடைவில் அவரும் அதன் அழகை உணர்ந்து ஏற்றுக்கொண்டார். இன்று புல்லும் பாசியும் அங்கே பக்கத்திற் பக்கமாக விளங்குகின்றன. உடையவன் கருத்தும் நிலத்தின் கருத்தும் இணங்கி வாழ்தலை இதனினும் நன்கு காட்டும் சான்று வேண்டுமோ? தோட்டம் ஒரு நாள் கட்டி முடிக்கப்படும் பொருளன்று. நாள்தோறும் வளர்க்கப்படும் உயிர். ஆதலின் அதனைப் பாதுகாத்தல் என்பது, பெட்டியிற் பூட்டிவைத்தல் அன்று. குழந்தையை வளர்த்தல் போல்வது.

இக்கருத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழைய கட்டிடங்களைக் காப்பது பற்றி நம்மிடையே பேச்சு மிகுதி, விழாவும் உண்டு, கல்வெட்டும் உண்டு. மறுநாள் காலை விளக்குமாறு எடுப்பவர் யார் என்னும் வினாவுக்கே விடையில்லை. திறப்பு விழாவுக்குச் செலவிடும் பணத்திற் பாதியைப் பெருக்குபவனுக்கும் கொத்தனுக்கும் தச்சனுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்குவோமாயின், காப்பாற்றப்படுவன பலவாம். பழமையைக் காப்பவர் வரலாற்றாசிரியர் மட்டுமல்லர். களை எடுப்பவரும் வரலாற்றைக் காப்பவரே. அவர்தம் தொழில் அறிவு அற்றுப்போமாயின், பின்னர் எத்துணைப் பொருள் கொட்டினும் அதனை மீட்டல் அரிது.

நிற்க. இதுகாறும் கூறியது களிப்பின் பகுதி. கலக்கத்தின் பகுதியை இனிக் கூறுவேன்.

மரவீட்டிற்கு அணித்தாக, அதே வளவினுள், இரண்டடுக்குச் செங்கற் கட்டிடம் ஒன்று நிற்கின்றது. 1898-இல் மேனாட்டு முறையிற் கட்டப்பட்டது. சன்னல்கள் சிறியவை, சுவர்கள் தடித்தவை. தோட்டத்தைக் கண்டு மகிழ்ந்து வருவோர்க்கு அது இவ்விடத்திற்குப் பொருந்தாத ஒன்றாகவே தோன்றும்; பலர் அதனுட் புகாமலே திரும்புதலையும் கண்டேன். அதன் மேல்மாடியில் ஓர் அறை உளது. சுவர்களிலே கானோ மரபு ஓவியர் தீட்டிய மரமும் பூவும் பறவையும் பொன்னிறப் பின்னணியில் ஒளிர்கின்றன. நடுவே மேசையும் நாற்காலிகளும் இடப்பட்டுள்ளன. 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள், அவ்வறையில் நால்வர் கூடினர். வீட்டுக்காரராகிய யமகாத்தா, மூத்த அரசியலறிஞர் இத்தோ ஹிரோபூமி, முதன்மந்திரி கத்சுரா தாரோ, வெளிநாட்டு மந்திரி கொமுரா ஜூத்தாரோ. மஞ்சூரியாவிலிருந்து படைகளை விலக்கிக்கொள்வதாக ஒப்பியிருந்த ருஷியா, குறித்த தவணையில் விலக்காது நின்றமையால், ஜப்பான் யாது செய்தல் வேண்டும் என்பதே அவர்கள் ஆராய்ந்த பொருள். மஞ்சூரியாவில் ருஷியாவுக்குள்ள உரிமையை ஓரளவு ஒப்புக்கொள்வது. கொரியாவை மட்டும் எக்காரணத்தாலும் விட்டுக்கொடாதிருப்பது. அதனாற் போர் நேரினும் நேர்க என்பது அவர்களது துணிபு.

போர் நேர்ந்தது. 1904 பிப்ரவரியில் தொடங்கி 1905 செப்டம்பரில் முடிந்தது. ஜப்பானியர் பக்கத்தில் மட்டும் 80,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். போர் நடந்த நிலமோ பெரும்பாலும் ருஷியருடையதும் அன்று, ஜப்பானியருடையதும் அன்று, சீனருடையது. போர் முடிந்த அதே ஆண்டில் கொரியா ஜப்பானின் காவலுக்கு உட்படுத்தப்பட்டது. 1910-இல் முற்றிலும் விழுங்கப்பட்டது. 1945 வரையிலும் தன் பெயரில் ஆள மாட்டாதிருந்தது. அந்நால்வருள் ஒருவரும் அன்று கொரியர் ஒருவரையும் அவ்வறைக்கு அழைத்துக் கேட்டாரல்லர்.

அவ்வறையின் வாயிலில் நின்று இதனை எண்ணியபொழுது, சற்று முன் செவியில் இனித்த நீரொலி வேறுவிதமாகக் கேட்கலாயிற்று. இவ்வளவு மென்மையான தோட்டத்தை விரும்பிய உள்ளமும், இவ்வளவு வன்மையான முடிவைச் செய்த உள்ளமும் ஒன்றேயோ? ஒன்றே. அழகை நுகர்பவன் அறவோனாதல் ஒருதலையன்று. கலை மனிதனை மென்மையாக்கும் என்று நாம் மேடைதோறும் கூறி வருகின்றோம். முற்றும் பொய்யன்று, எனினும் முற்றும் மெய்யுமன்று. பாசியின் மென்மையை உணர்ந்த கண், மனிதனின் துயரை உணராமற் போதலும் உண்டு.

இதுபற்றி என்னுடன் வந்த நண்பர் ஒருவருக்கும் எனக்கும் நீண்ட வாதம் நிகழ்ந்தது. அவர் கூறியதாவது: “தோட்டத்திற்குப் பாவமில்லை. மரமும் கல்லும் நீரும் ஒருவரையும் கொல்லவில்லை. ஒகாவா ஜிஹேய் போர்க்கருவி செய்தவருமல்லர். அழகிய இடத்திற்கு வந்து அரசியலை நினைத்து முகஞ்சுளித்தல் நுகர்ச்சியைக் கெடுத்துக்கொள்வதாகும். அவ்வறையைப் பூட்டிவிட்டு, தோட்டத்தை மட்டும் காட்டினால் குறையொன்றுமில்லை.” இவ்வாதத்தில் நியாயம் இல்லாமற் போகவில்லை. கைத்தொழிலாளியின் திறமைக்கு உடையவனுடைய செயலைப் பொறுப்பாக்குதல் தகாது. செய்தவன் தீயோன் என்று செய்ததை எல்லாம் அழிப்போமாயின், உலகில் எஞ்சும் கோட்டைகளும் மாளிகைகளும் மிகச் சிலவேயாம்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறாகக் கூறுவர்: “போரைத் துணிந்தவனுடைய இன்பவீட்டைப் பொதுப்பணத்தாற் காப்பது ஏன்? அதைக் காண்பதும் அவனைப் புகழ்வதேயன்றோ?” இதுவும் ஒப்பத்தக்கதன்று. வீட்டை இடித்துவிட்டால், அவ்வறையில் நடந்தது நடவாததாகிவிடுமா? நடந்ததற்குச் சான்றே இல்லாது போகும், அவ்வளவே. சான்று இல்லாத இடத்தில் மறதி குடிபுகும். மறதி குடிபுகுந்த இடத்தில் அதே தவறு மீண்டும் விருந்தாக வரும்.

ஆகவே என் கருத்து யாதெனில், காப்பதாயின் முழுதும் காத்தல் வேண்டும் என்பதே. கியோட்டோ நகரத்தார் செங்கற் கட்டிடத்தை இடிக்கவும் இல்லை; அவ்வறையைப் பூட்டவும் இல்லை; மேசையையும் நாற்காலிகளையும் அப்படியே வைத்துள்ளனர். இதற்காக அவர்களைப் பாராட்டுகின்றேன். ஆனால் பாதி வேலை காண வருவோரைச் சார்ந்தது. தோட்டத்தை மட்டும் கண்டு செல்பவன் பாதி வீட்டைக் கண்டவன். அறையை மட்டும் கண்டு வைது செல்பவனும் பாதி வீட்டையே கண்டவன். பாயின்மேல் அமர்ந்து மலையை நோக்கியபின், மாடிப்படி ஏறி அவ்வறையையும் நோக்குதல் வேண்டும். அதன்பின் மீண்டும் இறங்கி வந்து மலையை நோக்குதல் வேண்டும். இரண்டாம் முறை காணும் மலை முன்னினும் அழகு குறைந்ததன்று. காண்பவன் சற்று முதிர்ந்தவனாகின்றான், வேறுபாடு அதுவே.

கொரியரல்லாத நமக்கு இதனோடு யாது தொடர்பு என்று வாசகருட் சிலர் நினைக்கக்கூடும். தொடர்பு உண்டு. 1905-இல் ஜப்பான் ருஷியாவை வென்ற செய்தி கேட்டு, அன்னியர் ஆட்சியின்கீழ் இருந்த ஆசிய மக்கள் பலரும் மகிழ்ந்தனர். நம் நாட்டாரும் மகிழ்ந்தனர். சிறுவராயிருந்த ஜவஹர்லால் நேரு அவ்வெற்றிச் செய்திகளைக் கேட்டு எழுச்சியுற்றதைத் தம் சுயசரிதையிற் குறித்துள்ளார். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடு ஒன்று தோற்கடித்ததே என்ற பெருமிதம் அது. அப்பெருமிதத்தை யான் குறைகூறேன். அடிமைப்பட்டவனுக்கு அது இயல்பு. எனினும், நாம் இங்கே மகிழ்ந்த அதே வெற்றியினால், அங்கே மற்றோர் ஆசிய நாடு அடிமைப்பட்டது என்பதை நம்முன்னோர் பெரும்பாலும் எண்ணிப் பார்த்தாரல்லர். நாமும் அத்தோட்டத்தை மட்டும் கண்டோம், மாடியறையைக் காணவில்லை. ஆதலின் அங்கே நின்றபொழுது ஜப்பானியரை நோக்கி விரல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இறுதியாக, வீட்டின் பெயருக்கு மீள்வோம். அயலில்லாக் குடில் என்று யமகாத்தா பெயரிட்டார். ஓசையற்ற ஓய்விடம் என்பதே அவர் கருதியது. ஆயின் அயலில்லாத வீடு உலகில் உண்டோ? அவரது ஓடையின் நீர் மலைக்கு அப்பாலுள்ள ஏரியிலிருந்து வந்தது. அவரது தோட்டத்தின் மலை பிறருடையது. கடன்வாங்கிய காட்சிக்கு வட்டியில்லை என்று முன்னர் எண்ணினேன் அல்லவா? வட்டி உண்டு. இடையிலுள்ள அயலார் யாவரும் தம் கட்டிடங்களை உயர்த்தாது அடங்கியிருத்தலே அவ்வட்டி. 2007-ஆம் ஆண்டில் கியோட்டோ நகரத்தார், கட்டிடங்களின் உயர வரம்பைக் குறைத்தும், மலைக்காட்சிகள் சிலவற்றை மறைக்கலாகாது என்று விதித்தும் சட்டம் செய்தனர். நகரத்தார் அனைவரும் சிறிது சிறிது விட்டுக்கொடுத்தமையாலேயே அந்நகரில் இன்றும் மலைகள் தெரிகின்றன. அயலார் தயவின்றி ஒரு தோட்டத்தின் அழகுகூட நிலைத்தல் அரிது. அங்ஙனமாயின், கடலுக்கு அப்பால் அயலாக வாழ்ந்த கொரிய மக்களை ஒரு பொருளாகவும் கருதாது ஓர் அரசு நிலைத்தல் யாங்ஙனம்? அவ்வறையிற் செய்த முடிவின்மேல் எழுந்த பேரரசு 1945-இல் வீழ்ந்தது. அரைக் கைப்பிடி உயரமுடைய பாசியோ இன்றும் பசுமையாக உளது.

மாணாக்க நண்பர்களே! உங்களுட் பலர் பிற்காலத்தில் வெளிநாடுகள் செல்வீர்கள். சிலர் முடிவு செய்யும் மேசைகளின் முன்னும் அமர்வீர்கள். கியோட்டோவுக்குச் செல்ல வாய்ப்பு நேரின், முரின்-அன்னில் அமர்ந்து அந்நீரொலியைக் கேளுங்கள். முழந்தாளிட்டுக் களையெடுப்பவரை மனத்தால் வணங்குங்கள். பின்னர் மறவாது மாடிப்படியும் ஏறுங்கள். செல்ல வாய்ப்பில்லாதோர் தம் ஊரிலுள்ள பழைய வீடொன்றினுட் சென்று, இங்கே அழகாயிருந்தது யாது, இங்கே முடிவு செய்யப்பட்டது யாது, அம்முடிவினால் துன்புற்ற அயலார் யாவர் என்று மூன்று வினாக்களையும் வினவிப் பார்க்கலாம். மூன்றிற்கும் விடை தேடுவோரே அவ்வீட்டைக் காப்பவர் என்பது என் துணிபு.